பூச்செடி மேட்டுக்குச் செம்மண்ணா, நுரைக்கட்டியா?

மலேசியாவில் எங்கள் தெலுக் இந்தான் பக்கத்து மண் எப்படிப்பட்டது என்று ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். 1885இல் கட்டிய மணிக்கூண்டே அடிமண் இளகிச் சாய்ந்து நிற்கிறது. அதனால் எங்கள் தாமான் (குடியிருப்பு) மண்டபத்துக்கு முன்னால் மூன்று அடி உயரப் பூச்செடி மேடு எழுப்பலாம் என்றதும், அடியில் எதைப் போட்டு நிரப்புவது என்ற பேச்சு வந்தது. செம்மண் கொட்டலாம் என்றார்கள் பாதிப் பேர். மீதிப் பேர் வெள்ளை பாலிஸ்டைரீன் நுரைக்கட்டி போதும் என்றார்கள். நாங்கள் செம்மண்தான் கொட்டினோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நுரைக்கட்டி ஒன்றும் விளையாட்டுச் சாமான் அல்ல. 1972இலேயே நார்வேயில் ஓஸ்லோவுக்கு அருகே, புதைமண்ணில் உட்கார்ந்துகொண்டே போன சாலையின் அடியில் இதை வைத்தார்கள். ஒரு கன மீட்டர் கட்டி சுமார் 20 கிலோ, அதே அளவு செம்மண் சுமார் 1,800 கிலோ. நம் சேற்று நிலத்துக்கு எது பாரம் குறைவு என்று கேட்டால், பதில் சொல்லவே வேண்டாம். தூக்கிப் போடுவதும் சுலபம், லோரி நடையும் மிச்சம்.

ஆனால் தண்ணீர் ஏறும் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது எடையை அல்ல, மிதப்பை. ஒரு கன மீட்டர் நுரை நீரில் மூழ்கினால் கிட்டத்தட்ட 980 கிலோ விசையோடு மேலே தள்ளும். எங்கள் மேட்டுக்கு வைத்துப் பார்ப்போம்: அடியில் இரண்டு அடி நுரை, மேலே ஒரு அடி மண். ஒரு சதுர மீட்டருக்கு நுரை தள்ளுவது சுமார் 600 கிலோ. மேலே இருக்கும் மண்ணோ சுமார் 550 கிலோதான் வரும். தண்ணீர் இன்னும் ஏறி அந்த மண்ணும் மூழ்கிவிட்டால் அமுக்கும் எடை அதில் பாதி. மேடு பெயர்ந்துவிடும், செடியும் வேரோடு சாயும். அமுக்கி வைக்க வேண்டுமென்றால் நுரை எத்தனை அடி உயரமோ அதைவிட உயரமாக மேலே மண் போட வேண்டும். அப்படியானால் பாரத்தைக் குறைக்கத்தானே நுரை வாங்கினோம்?

பராமரிப்பிலும் இதே கதைதான். செம்மண் மேடு உட்காரும், அதில் சந்தேகமில்லை. அரையடி அரையடியாகக் கொட்டி இடித்து இறுக்கினாலும், கீழே இருக்கும் களிமண் மெல்ல அமுங்கத்தான் செய்யும். உட்கார்ந்தால் என்ன? மேலே கொஞ்சம் மண் கொட்டிச் சமப்படுத்தினால் சரி. நுரை கிளம்பினால் செடி, மண், நுரைமேல் விரித்த தடுப்புத் துணி எல்லாவற்றையும் தோண்டி எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்புறம் பெட்ரோல். புல்வெட்டிக்கு எண்ணெய் ஊற்றும்போது மேட்டோரம் சிந்துவது நடக்காத காரியமா? பாலிஸ்டைரீன் துண்டு ஒன்றில் நாலு சொட்டு விட்டுப் பாருங்கள், குழிந்து பசையாக ஒட்டிக்கொள்ளும். கரையானும் அதைத் தின்னாவிட்டாலும் குடைந்து வழி போட்டுவிடும். தோட்டக்காட்டு ஊரில் கரையானுக்கா பஞ்சம்!

எங்கள் மேடு இன்னும் பெரிய வெள்ளம் எதையும் பார்க்கவில்லை. ஓரத்தில் ஒரு பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்கிறது. இன்னும் சில வருடம் போனால் எவ்வளவு தாழும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

நுரைதான் சரி என்று நானே சொல்லும் இடங்களும் உண்டு. மொட்டை மாடித் தோட்டத்தில் தளம் மண் பாரத்தைத் தாங்காது. பழைய சுவரை ஒட்டி மேடு எழுப்பினால் மண் சுவரையே தள்ளிவிடும். அங்கெல்லாம் பொறியாளரிடம் கணக்குக் கேட்டு, மண் நிரப்புவதற்கென்றே செய்த கட்டியை வாங்கி, வேரும் எண்ணெயும் இறங்காதபடி மேலே தடுப்பு விரித்துச் செய்யுங்கள்.

டிவி, ஐஸ்பெட்டி வந்த அட்டைப் பெட்டியின் நுரையை உடைத்துப் போடுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். இடைவெளி விட்டுக் கிடக்கும் துண்டுகளுக்குள் மண் இறங்கி மேடு பள்ளமாகும். மண்வெட்டி படும்போதெல்லாம் வெள்ளை மணிகள் உதிரும், மழையில் சாக்கடைக்குப் போகும், அங்கிருந்து ஆற்றுக்கு. மண்ணிலிருந்து அவற்றைப் பொறுக்கி எடுக்க ஆளே கிடையாது.