பாராவியூவில் கொட்டியாரக் குடாவைப் பார்த்தல்: ஒரு மென்பொருள் மதிப்பீடு

திருகோணமலைக் கடல் கரைக்கு மிக அருகிலேயே ஆழமாகிவிடுகிறது என்பது இவ்வூர் மக்கள் எல்லோரும் அறிந்த செய்தி. மகாவலி வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு, கிழக்கே செல்லச் செல்ல 3000 மீற்றரையும் தாண்டிய ஆழ்கடலில் இறங்குகிறது. கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி, இங்கே மிக ஒடுங்கியிருப்பதால்தான் நீலத்திமிங்கிலங்களைக் காண்பதற்குப் படகில் நெடுந்தூரம் போகவேண்டியிருப்பதில்லை. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது, அதன் சுவர்கள் எங்கே செங்குத்தாகின்றன, அதன் மேலுள்ள நீர் பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்று கேட்டால், விடை எண்களாகத்தான் கிடைக்கிறது. உலகக் கடலடியை வரைபடமாக்கும் பன்னாட்டுத் திட்டமான ஜெப்கோ இலவசமாக வழங்கும் உலகக் கடலடி ஆழத் தரவு 15 விகலை (ஒரு விகலை என்பது பாகையின் 3600இல் ஒரு பங்கு) இடைவெளியில், அதாவது ஏறத்தாழ 460 மீற்றருக்கு ஒரு மதிப்பு என்ற அளவில் அமைந்துள்ளது. ஒரு பாகைக்கு 240 மதிப்புகள் ஆகின்றன. திருகோணமலையைச் சுற்றி இரண்டு பாகை நீள அகலமுள்ள ஒரு சதுரத்தை எடுத்தாலே 230,400 எண்கள் கைக்கு வந்துவிடும். அவற்றை விரிதாளில் திறந்து வாசித்து எவரும் ஒரு பள்ளத்தாக்கைக் கண்டதில்லை.

இத்தகைய தரவை ஆராய்வதற்காக நான் சில காலமாகப் பயன்படுத்திவரும் மென்பொருள் பாராவியூ. அமெரிக்காவின் கிட்வெயார் நிறுவனமும் லொஸ் அலமோஸ் தேசிய ஆய்வுகூடமும் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய கூட்டு முயற்சியின் விளைவாக 2002இல் முதன்முதலாகப் பொதுமக்களுக்கு வெளியானது. மூல நிரல் திறந்துள்ளது, விலை கிடையாது, விண்டோஸ், லினக்ஸ், மக் ஆகிய மூன்றிலும் இயங்குகிறது. மீத்திறன் கணினிகளில் பல பகுதிகளாகப் பிரிந்து கிடக்கும் மாபெரும் கணிப்புகளைப் பார்ப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டிருந்தாலும், மேலே சொன்ன அளவுள்ள கடல் தரவைச் சாதாரண மடிக்கணினியிலும் தடங்கலின்றிக் கையாளுகிறது. பதிவிறக்கம் சில நூறு மெகாபைட் ஆகும் என்பதால், கைப்பேசித் தரவுப் பொதியை நம்பியிருப்பவர்கள் பல்கலைக்கழக இணைப்பிலோ நண்பரின் வீட்டு இணைப்பிலோ அதை எடுத்துக்கொள்வது நல்லது.

இதன் அடிப்படை முறையைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். இடப்புறப் பட்டியலில் முதலில் தரவுக் கோப்பு நிற்கும். அதன்மேல் வடிகட்டிகள் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்படும். ஒரு வடிகட்டி தரவைப் பாணைத் துண்டு போடுவதுபோல ஒரு தளத்தில் வெட்டிக் காட்டும். மற்றொன்று குறித்த வீச்சுக்குள் உள்ள மதிப்புகளை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவற்றை நீக்கும். இன்னொன்று ஒரே மதிப்புள்ள இடங்களை எல்லாம் இணைத்து ஒரு பரப்பை உருவாக்கும். எந்த வடிகட்டியும் மூலத் தரவைத் தொடுவதில்லை என்பதும், சங்கிலியின் நடுவில் உள்ள ஒன்றை மாற்றினால் அதற்குக் கீழுள்ளவை எல்லாம் தாமாகவே புதிதாகக் கணிக்கப்படும் என்பதும் இந்த மென்பொருளின் உண்மையான பெறுமதி என்று நான் கருதுகிறேன். ஒரு கேள்வியைக் கேட்டு, கிடைத்த படத்தைப் பார்த்து, அதிலிருந்து எழும் அடுத்த கேள்வியை உடனே கேட்க முடிகிறது. முடிந்த ஆய்வை அழகுபடுத்திக் காட்டுவதற்கு வேறு பல கருவிகள் உண்டு. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே கூட வருவதற்கு இதைப் போன்றவை சிலவே.

ஜெப்கோ கோப்பை முதன்முதலாகத் திறப்பவர் சற்றுத் திகைப்பார். அகலக்கோடும் நெடுங்கோடும் உள்ள தரவைக் கண்டவுடன் பாராவியூ அதை உருண்டையான புவியின்மேல் சுற்றிவிடுகிறது. உலகம் முழுவதையும் பார்ப்பவருக்கு இது பொருத்தமானது. ஒரு குடாவைப் பார்ப்பவருக்கோ வளைந்த ஓட்டுத் துண்டு ஒன்றுதான் திரையில் தெரியும். கோப்பின் பண்புகளில் 'ஸ்பெரிக்கல் கோஓடினேற்ஸ்' என்ற தெரிவை நீக்கினால் தரவு தட்டையாகிவிடும். பிறகு 'வார்ப் பை ஸ்கேலர்' என்ற வடிகட்டியால் ஒவ்வொரு புள்ளியையும் அதன் ஆழத்துக்கேற்ப இறக்க வேண்டும். சில கோப்புகளில் மதிப்புகள் கட்டங்களின் நடுவே இருப்பனவாக ஏற்றப்படும். அப்போது அவற்றைப் புள்ளிகளுக்கு மாற்றும் வடிகட்டியை இடையில் சேர்க்காவிட்டால் இது வேலை செய்யாது.

இந்த இடத்தில் அளவுத்திட்டம் பற்றிக் கவனமாக இருக்க வேண்டும். கிடையாக நாம் அளப்பது பாகையில். செங்குத்தாக அளப்பது மீற்றரில். ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீற்றர் என்பதால், உயரத்தை 111,000ஆல் வகுத்தால்தான் உண்மையான விகிதம் கிடைக்கும். அப்படி வகுத்துப் பார்த்தபோது பள்ளத்தாக்கு கண்ணுக்கே தெரியவில்லை, ஏனெனில் 220 கிலோமீற்றர் அகலமுள்ள சதுரத்தில் 3 கிலோமீற்றர் ஆழம் என்பது ஒரு மெல்லிய சுருக்கம் மட்டுமே. 10 மடங்கு உயர்த்தியபோது குடாவிலிருந்து கிழக்கே இறங்கும் வாய்க்கால் தெளிவாக எழுந்து வந்தது. ஆனால் 10 மடங்கு உயர்த்தும்போது 10 பாகைச் சாய்வு ஒன்று 60 பாகைச் செங்குத்தாகத் தோன்றும் என்பதைப் படத்தைப் பார்ப்பவருக்குச் சொல்லியாக வேண்டும். எத்தனை மடங்கு என்று எழுதாத முப்பரிமாணக் கடலடிப் படத்தை வகுப்பறையில் காட்டுவது மாணவருக்கு ஒரு பொய்யைக் கற்பிப்பதாகும். பாராவியூ இதைத் தானாகப் படத்தில் குறிப்பதில்லை. வரைபவரே எழுத வேண்டும்.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ஜெப்கோ தரவின் எல்லா மதிப்புகளும் அளக்கப்பட்டவையல்ல. சில இடங்களில் கப்பல்கள் ஒலி அலை கொண்டு அளந்திருக்கின்றன; பல இடங்களில் செயற்கைக்கோள் அளந்த ஈர்ப்பு வேறுபாடுகளிலிருந்தும் அயல் மதிப்புகளிலிருந்தும் ஊகித்து நிரப்பியிருக்கிறார்கள். எந்தக் கட்டம் எந்த வகை என்பதைச் சொல்லும் தனிக் கோப்பையும் ஜெப்கோ தருகிறது. அதையும் பாராவியூவில் ஏற்றி, ஆழப் பரப்பின்மேல் நிறமாகப் பூசிப் பார்ப்பதை இக்கருவியின் மிகப் பயனுள்ள உபயோகமாகச் சொல்வேன். வடிவம் ஆழத்தைச் சொல்கிறது; நிறம் அந்த ஆழத்தை எவ்வளவு நம்பலாம் என்று சொல்கிறது. வழவழப்பாகத் தெரியும் சரிவு உண்மையிலேயே வழவழப்பானதா, அல்லது எவரும் அளக்காததால் அப்படித் தெரிகிறதா என்ற கேள்விக்கு ஒரே பார்வையில் விடை கிடைத்துவிடுகிறது.

கடலடியை விட்டு நீருக்கு வருவோம். ஐரோப்பாவின் கொப்பர்நிக்கஸ் கடல் சேவை உலகக் கடல்களின் வெப்பநிலை, உவர்த்தன்மை, நீரோட்டம் ஆகியவற்றை 1/12 பாகை இடைவெளியில் 50 ஆழ மட்டங்களில் வழங்குகிறது; பதிவு செய்துகொண்டால் கட்டணமில்லை. கிழக்குக் கடலின் பன்னிரண்டு மாத சராசரிகளை எடுத்து, 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையுள்ள இடங்களையெல்லாம் ஒரே பரப்பாக இணைக்கும்படி பாராவியூவிடம் கேட்டேன். (இவ்வாறு முப்பரிமாணத் தரவிலிருந்து பரப்பை உருவாக்கும் மிகப் புகழ்பெற்ற வழிமுறையை லொரன்சன், கிளைன் ஆகிய இருவரும் 1987இல் வெளியிட்டார்கள். உடலின் ஊடுகதிர்ப் படங்களிலிருந்து எலும்பின் வடிவத்தை எடுப்பதற்கு உதவிய அதே வழிமுறை கடலின் வெப்பநிலைக்கும் உதவுகிறது.) மாதங்களை ஒவ்வொன்றாக நகர்த்தியபோது, சோளகம் வீசும் காலத்தில் இலங்கையின் கிழக்கே அந்தப் பரப்பு மேல்நோக்கிப் புடைத்து எழுவதும் பருவம் முடிய மீண்டும் தாழ்வதும் தெரிந்தன. இதைக் கடலியலாளர்கள் இலங்கைக் குவிமாடம் என்று அழைக்கிறார்கள். வினயச்சந்திரனும் யமகட்டாவும் 1998இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். தென்மேற்குப் பருவக்காற்று தீவைக் கடந்து வங்கக் கடலின்மேல் வீசும்போது உண்டாகும் சுழல் விசை ஆழத்துக் குளிர்நீரை மேலே இழுக்கிறது. மேற்பரப்பு வெப்பநிலைப் படத்தில் எளிதில் கண்ணில் படாத இந்தப் புடைப்பு, நீரை உள்ளிருந்து பார்க்கும்போது ஒரு மலைபோல நிற்கிறது. மீன் எங்கே கூடும் என்பதை இது நேரடியாகச் சொல்லாது. என்றாலும் ஊட்டச்சத்துள்ள நீர் எப்போது மேலே நெருங்குகிறது என்பது இக்கரையில் வாழும் மாணவர் அறிந்திருக்க வேண்டிய விடயம்.

நீரோட்டத்தைப் பார்க்க விரும்புவோர் ஒரு படி கூடுதலாக வேலை செய்ய வேண்டும். கிழக்கு நோக்கிய வேகமும் வடக்கு நோக்கிய வேகமும் தனித்தனி மாறிகளாக வருவதால், கணிப்பான் வடிகட்டியில் அவற்றை ஒரே காவியாக (அளவும் திசையும் சேர்ந்த கணியமாக) சேர்த்த பிறகே ஓட்டக்கோடுகளை வரையலாம். அவ்வாறு வரைந்தபோது குவிமாடத்தைச் சுற்றி நீர் இடஞ்சுழியாகச் சுழல்வதும், கார்த்திகை, மார்கழியில் கரையோரமாகத் தெற்கே ஓடுவதும் தெளிவாகத் தெரிந்தன. ஆயினும் 1/12 பாகை என்பது ஏறத்தாழ 9 கிலோமீற்றர். கொட்டியாரக் குடா முழுவதும் ஓரிரு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். குடாவுக்குள் நீர் எப்படிச் சுழல்கிறது என்பதை இந்தத் தரவிலிருந்து சொல்லவே முடியாது. ஆனால் மென்பொருளோ அந்த ஓரிரு மதிப்புகளுக்கு இடையில் நிறத்தை மென்மையாகப் பரப்பி, நுணுக்கமான விவரம் இருப்பதுபோன்ற தோற்றத்தைத் தந்துவிடும். கட்டங்களின் விளிம்புகளையும் சேர்த்துக் காட்டும் தெரிவை ஆரம்பத்தில் எப்போதும் இயக்கி வைத்திருங்கள். படத்தின் அழகு சற்றுக் குறையும். எத்தனை மதிப்புகளைக் கொண்டு பேசுகிறோம் என்பது மறக்காது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வானவில் நிறங்களில் கடலாழத்தை வரையும் வழக்கம் இன்னும் போகவில்லை. மஞ்சள் கண்ணைக் குத்துவதால், தரவில் இல்லாத ஓர் எல்லை அவ்விடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. பாராவியூ நெடுங்காலம் இயல்பாக வைத்திருந்த, நீலத்திலிருந்து வெண்மை வழியாகச் சிவப்புக்குச் செல்லும் நிறவரிசை கெனத் மோர்லண்ட் 2009இல் முன்வைத்தது. நடுவில் பொருளுள்ள ஒரு மதிப்பு இருக்கும் தரவுக்கு அது மிக நன்று. தரையும் கடலும் கலந்த தரவுக்கு அப்படியே பூசினால் தவறிவிடும்: வீச்சு −4000 முதல் +1000 மீற்றர் வரை இருந்தால் வெண்மை கரையில் விழாமல் −1500 மீற்றரில் விழுகிறது. வீச்சை −4000 முதல் +4000 வரை என்று சமமாக்கினால் கரை தன் இடத்துக்கு வந்துவிடும். கடல் மட்டும் போதுமென்றால் தரையை நீக்கிவிட்டு, கருஊதாவிலிருந்து மஞ்சளுக்குச் சீராக ஒளி கூடிச் செல்லும் விரிடிஸ் வரிசையைப் பயன்படுத்தலாம். நிறக்குருடு உள்ளவர்களாலும் அதை வாசிக்க முடிகிறது.

குறைகளுக்கு வருகிறேன். இடைமுகம் தமிழில் இல்லை. பட்டியல்களில் நிற்கும் சொற்கள் கணினி வரைகலை அறிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. உயர்தரத்தில் புவியியல் படிக்கும் மாணவர் ஒருவர் துணையின்றி உட்கார்ந்தால் முதல் மணித்தியாலத்திலேயே மனம் சோர்ந்துவிடக்கூடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 'அப்ளை' பொத்தானை அழுத்த வேண்டியிருப்பது புதியவர்களைக் குழப்புகிறது. பெரிய தரவில் ஒரு கணிப்புக்குப் பல நிமிடங்கள் ஆகலாம் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள், சிறிய தரவுக்குத் தானியங்கு முறையை இயக்கிக்கொள்ளலாம். படத்தினுள் தமிழ்ப் பெயர்களை எழுத முயன்றால் கொம்புகளும் கால்களும் உரிய இடத்தில் அமைவதில்லை. மூதூர், கிண்ணியா, நிலாவெளி என்ற பெயர்களைப் படத்தை வெளியே எடுத்த பிறகு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில்தான் சேர்க்கிறேன். இலவச மென்பொருளிலும் இதை ஒரு சிறு குறை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை, ஏனெனில் நம் பிள்ளைகள் தம் ஊரின் பெயரைத் தம் எழுத்தில் காணும்போதுதான் வரைபடம் அவர்களுடையதாகிறது.

மாற்று வழிகளையும் கருதலாம். நாசா வழங்கும் பனொப்ளி, கோப்பைத் திறந்த உடனேயே ஒழுங்கான தட்டை வரைபடத்தைத் தந்துவிடும். ஒரு மாதத்தின் மேற்பரப்பு வெப்பநிலை மட்டும் வேண்டுமென்றால் அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. வீதி, கிராம சேவையாளர் பிரிவு, வயல் எல்லை போன்றவற்றோடு வேலை செய்பவர்களுக்குக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் பொருத்தமானது. பாராவியூவை நிறுவ வேண்டியவர்கள், ஆழமும் காலமும் சேர்ந்த தரவை வைத்திருப்பவர்களும் அதன் உள்ளே வெட்டிப் பார்க்க விரும்புபவர்களுமே. கடலியல், நீரியல், பொறியியல் மாணவர்களுக்கு நான் இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.

தொடங்குபவர்கள் ஜெப்கோவின் சிறு துண்டு ஒன்றோடு தொடங்குவது நல்லது. நீரின் தரவு பிறகு வரட்டும். கொப்பர்நிக்கஸ் கோப்பை ஏற்றும்போது, தரை இருக்கும் இடங்களை நிரப்பியுள்ள போலி மதிப்புகளை வெறுமையாக்கும் தெரிவை மறக்காமல் இயக்குங்கள். இல்லையெனில் தீவு முழுவதும் இருக்கவே முடியாத ஒரு வெப்பநிலையோடு திரையில் நிற்கும், நிறவரிசையும் அதற்காகவே நீண்டுவிடும். செய்த படிகள் அனைத்தையும் நிலைக் கோப்பாகச் சேமித்துத் தரவோடு சேர்த்துக் கொடுத்தால், அடுத்தவர் அதே படத்தைத் தம் கணினியில் திறந்து, வெட்டுத் தளத்தைத் தாம் விரும்பிய இடத்துக்கு நகர்த்திப் பார்க்கலாம்.