2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு: ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு சொல்றேன்

பெங்களூர்ல வாடகை வீடு, சிலிண்டர் திடீர்னு தீர்ந்து ரெண்டு நாள் ஓட்டல் சோறு தின்ன கடுப்புல வாங்குனது இந்த அடுப்பு. கம்பெனி பேர் சொல்லல, கடைசில திட்டப் போறேன். கடைக்காரர் "1200 வாட் எடுங்க சார், கரண்ட் பில் கம்மியா வரும்"னாரு. 2000 வாட்னு சேலத்துல இருக்க அம்மாகிட்ட சொன்னா "மீட்டர் பிச்சுக்கிட்டு ஓடும்டா"ங்கறாங்க. ரெண்டு பேரும் ஒரே எடத்துல தான் கோட்டை விடுறாங்க, எங்கன்னு ஒரு தண்ணி கேனை வெச்சு சொல்றேன்.

எங்க வீடு மூணாவது மாடி, லிப்ட் கிடையாது. தண்ணி கேன் போடுற தம்பி 20 லிட்டர் கேனை தோள்ல வெச்சு ஏறி வருவான். உயரம் 9 மீட்டர்னு வெச்சுக்கங்க, அதோட 20 கிலோவையும் புவியீர்ப்புக்கான 9.8-ஐயும் பெருக்குனா 1764 ஜூல். அவன் தடதடன்னு அரை நிமிஷத்துல ஏறுனாலும் சரி, நடுப்படில நின்னு போன் பேசிட்டு மூணு நிமிஷம் கழிச்சு வந்தாலும் சரி, கேனை மேல கொண்டு வந்த வேலை அதே 1764 தான். மாறுறது பவர். அரை நிமிஷம்னா 59 வாட், பழைய குண்டு பல்பு அளவு, மூணு நிமிஷம்னா 10 வாட் கூட தேறாது. பில்லுல வர்றது யூனிட், அது மொத்த எனர்ஜி, வாட்டுங்கறது அது எவ்ளோ வேகமா செலவாகுதுங்கறது மட்டும் தான். (அவன் சொந்த உடம்பையும் தூக்கிட்டு தான ஏறணும், வேர்வையா போற சூடு வேற, தின்ன சோத்துல கேனுக்கு போய் சேர்றது கொஞ்சூண்டு. பத்து ரூபா சேர்த்து குடுங்கப்பா.)

சரி அடுப்புக்கு வரேன். எஸ்.பி. ரோட்ல பிளக்ல சொருகுற வாட் மீட்டர் ஒண்ணு வாங்கி டெஸ்ட் பண்ணேன். 1 லிட்டர் தண்ணி, 25 டிகிரி. பெங்களூர் கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டருக்கு மேல இருக்கறதால இங்க தண்ணி 97 டிகிரிலயே கொதிச்சுரும். 72 டிகிரி ஏத்தணும், லிட்டருக்கு ஒரு டிகிரிக்கு 4.2 கிலோ ஜூல், மொத்தம் 300 கிலோ ஜூல் சொச்சம். யோசிச்சுப் பாருங்க, 170 கேனை மாடி ஏத்துற வேலையும் ஒரு லிட்டர் வெந்நியும் ஒண்ணு! 1 யூனிட்னா 3600 கிலோ ஜூல், அப்ப தண்ணிக்கு போனது 0.083 யூனிட். ஃபுல் பவர்ல மூணரை நிமிஷத்துல கொதிச்சுது, மீட்டர்ல 0.10. அதாவது 83 சதவீதம் எஃபிஷியன்சி. கேஸ் அடுப்புக்கு ஐ.எஸ்.ஐ. கேக்குறதே குறைஞ்சது 68 தான், மிச்சம் பாத்திரத்த சுத்தி கிச்சனை சூடாக்கிட்டு போயிரும்.

அதே அளவு தண்ணிய 800 வாட்ல வெச்சேன். ஒன்பது நிமிஷத்துக்கு மேல ஆச்சு, மீட்டர்ல 0.12. வாட் கம்மி, யூனிட் ஜாஸ்தி! மூடி போடல, அவ்ளோ நேரமும் பாத்திரம் சூட்டை காத்துல விட்டுட்டே இருந்துச்சு. கடைக்காரரை கூப்ட்டு காமிக்கணும் போல இருந்துச்சு.

இப்ப திட்டு. பொட்டில 2000, டிஸ்பிளேல 2000, மீட்டர்ல 1740-ஐ தாண்டவே இல்ல. 800-னு வெச்சா 1300-க்கும் சைபருக்கும் மாறி மாறி அடிக்குது, சராசரியா தான் 800 பக்கம் வருது, பால் காய்ச்சினா பொங்குது, அடங்குது, திரும்ப பொங்குது. கஸ்டமர் கேர்ல கேட்டா "வோல்டேஜ் பிராப்ளம் சார்"னு வெச்சுட்டாங்க, 230 வோல்ட்டை மீட்டர் கண்ணு முன்னாடி காட்டுது. ஃபேன் சத்தம் வேற. அப்புறம் இது ஏழரை ஆம்ப்ஸ் இழுக்குது, சின்ன 6 ஆம்ப்ஸ் பிளக்ல அடாப்டர் போட்டு சொருகாதீங்க, எனக்கு ஒரு நாள் கருகல் வாடை வந்து தான் புத்தி வந்துச்சு. அம்மா குடுத்த இண்டாலிய சட்டி எதுவும் இதுல சூடாகாது, இரும்பு தோசைக்கல் சூப்பரா ஏறுது, காந்தம் ஒட்டுதான்னு பாத்து வாங்குங்க.

அஞ்சுக்கு மூணரை. 1740-னு உண்மைய போட்டிருந்தா நாலு குடுத்திருப்பேன்.