ஸ்டாண்டர்டு 8 ரீலா, சூப்பர் 8 ரீலா?

போன வாரம் புனலூரில் பரண் ஒழித்த வீட்டிலிருந்து ஒரு தம்பி இரண்டு டப்பா ரீல் (அந்தக் காலத்தில் வீட்டில் படம் எடுத்த 8 மி.மீ. அகல ஃபிலிம்) கொண்டுவந்து, எந்த புரொஜெக்டர் வாங்கலாம் அண்ணே என்று கேட்டார். செங்கோட்டையில் இருந்துகொண்டு ஸ்டாண்டர்டு 8, சூப்பர் 8 என்ற அதன் இரண்டு வகையையும் சேகரிக்கிறவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடியுங்கள். ஓரத்துத் துளை பெரிதாக, இரண்டு கட்டங்கள் (ஒவ்வொரு படமும் ஒரு கட்டம்) சேரும் கோட்டில் இருந்தால் ஸ்டாண்டர்டு. சின்னதாக, கட்டத்தின் நடுவுக்கு நேராக இருந்தால் சூப்பர்.

வயது: ஸ்டாண்டர்டு 1932, சூப்பர் 1965. இரண்டுமே கோடாக் கொண்டுவந்தவை.

படம்: துளை சிறுத்ததால் சூப்பரில் கட்டம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சுவரில் போட்டதும் முகங்கள் தெளிவாகத் தெரியும்.

ஒலி: ஸ்டாண்டர்டு பெரும்பாலும் ஊமைதான். சூப்பரில் 1973 முதல் ஒலியோடு எடுக்கும் கேட்ரிட்ஜும் (ஃபிலிம் சுருளை உள்ளே அடைத்த பெட்டி) வந்தது.

புதிதாக எடுக்க: சூப்பர்தான் வசதி. 50 அடி கேட்ரிட்ஜை அப்படியே கேமராவில் செருகலாம், விநாடிக்கு 18 கட்ட வேகத்தில் 3 நிமிடம் 20 விநாடி ஓடும். ஸ்டாண்டர்டில் பாதியில் சுருளைத் திருப்பிப் போட வேண்டும்.

ஆயுள் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான், அசிடேட் ஃபிலிமுக்கு ஈரம் ஆகாது. குற்றாலச் சாரல் காலத்தில் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்; அந்த ரீலை உடனே தனியாக வையுங்கள், பக்கத்து ரீலுக்கும் பரவும்.

சரி, எது வாங்க? தாத்தா காலத்துக் கல்யாண ரீல் மட்டும் என்றால் ஸ்டாண்டர்டு போதும். ஒலியோடு காட்ட ஆசை என்றால் ஒலி வசதியுள்ள சூப்பர் 8 புரொஜெக்டர். அந்தத் தம்பியிடம் இரண்டும் கலந்திருந்தன, அதனால் இரண்டையும் ஓட்டும் டூயல் புரொஜெக்டரைத்தான் தேடச் சொன்னேன். வாங்குமுன் பெல்ட்டையும் பல்பையும் பார்த்துவிடுங்கள்.