ஆட்டோ கியரைக் கையால் மாற்ற: குமிழா, ஆர்டுயினோவா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் தெருவில் மாட்டிய வண்டிகளில் என்னுடைய 1998 ஜீப் செரோக்கியும் ஒன்று. சீட்டின் அடிவரை தண்ணீர். கம்பளத்தைப் பிடுங்கிக் காயவைத்து, எல்லா ஆயிலையும் மாற்றி, நாலு மாதம் நன்றாகவே ஓட்டினேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை ஹாரிஸ்மித்திலிருந்து டர்பன் திரும்பும்போது, வான் ரீனன் கணவாயில் கியர் மாறுவது நின்றுபோனது. டி-யில் போட்டு மிதித்தால் வண்டி முக்கி முனகி நாலாவது கியரிலேயே கிளம்பப் பார்க்கிறது. டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் கியர் கம்ப்யூட்டரின் சாக்கெட்டில் பச்சை பூத்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். வெள்ளம் விட்டுப்போன மிச்சம்.

அன்றைக்கு வீடு வந்து சேர்ந்ததே ஒரு பாடம். இந்தக் கியர்பாக்ஸில் கம்ப்யூட்டர் செத்தாலும் லீவர் சாகாது. லீவரை 1-2-ல் வைத்தால் முதல் கியர், 3-ல் வைத்தால் மூன்றாவது, டி-யில் நாலாவது. இரண்டாவது மட்டும் கிடையாது. இந்த மூன்றை வைத்துக்கொண்டே என்3 நெடுஞ்சாலை வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்தேன். ஒவ்வொரு ரோபோவிலும் (சிக்னலுக்கு இந்த ஊரில் அதுதான் பேர்) பின்னால் நிற்பவன் ஹாரன் அடிக்க, நான் லீவரோடு மல்லுக்கட்ட.

அதற்குப் பிறகுதான் கியரை நம் கையிலேயே எடுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. இரண்டு விதமாகச் செய்து பார்த்தேன். ஒன்று இப்போதும் வண்டியில் இருக்கிறது. மற்றது மேசை டிராயரில்.

முதலில், இது ஏன் சாத்தியம் என்பது. கியர்பாக்ஸ் ஐசின் வார்னர் செய்த ஏடபிள்யூ4, டொயோட்டா ஏ340-க்கு உடன்பிறப்பு. நாலு கியரையும் தீர்மானிப்பது இரண்டே இரண்டு சாலினாய்டுகள், அதாவது கரண்ட் கொடுத்தால் ஆயில் வழியை மாற்றும் மின்வால்வுகள். மூன்றாவது ஒன்று டார்க் கன்வர்ட்டரை (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்துவது) நேரடியாகப் பூட்டுவதற்கு. ஒன்றாம் கியருக்கு முதல் சாலினாய்டு மட்டும் ஆன். இரண்டுக்கு இரண்டும் ஆன். மூன்றுக்கு இரண்டாவது மட்டும் ஆன். நாலுக்கு இரண்டும் ஆஃப். கிளட்சுகளை எவ்வளவு அழுத்தத்தில் பிடிக்க வேண்டும் என்பதை ஆக்சிலேட்டரோடு சேர்ந்த ஒரு கேபிள் பார்த்துக்கொள்கிறது. கம்ப்யூட்டருக்கு அதில் வேலையில்லை. அதனால்தான் கம்ப்யூட்டரைக் கழற்றி வைத்தாலும் கியர் மென்மையாகவே விழுகிறது. அழுத்தத்தையும் கம்ப்யூட்டரே நிர்வகிக்கும் புதிய ஐந்து, ஆறு கியர் பெட்டிகளில் இந்த வேலையை யாராவது செய்யச் சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். கிளட்ச் கருகிவிடும்.

மற்ற வழிகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பெட்டியைப் பிரித்து, முழுக்கக் கைக்கட்டுப்பாட்டு வால்வு பாடி போடலாம். அது டிராக் ரேஸ்காரர்கள் சமாச்சாரம், நான் தொட்டதே இல்லை. மேனுவல் கியர்பாக்ஸே மாற்றலாம். கிளட்ச் பெடல், ஃபிளைவீல், ஷாஃப்ட் நீளம் என்று அது ஒரு வருட விரதம். வெளிநாட்டிலிருந்து தயார் கன்ட்ரோலர் வரவழைக்கலாம். டாலர் விலையை ராண்டில் பெருக்கிப் பார்த்ததும் கால்குலேட்டரை மூடிவிட்டேன்.

ஆகவே போட்டி இரண்டுக்குள்தான். ஒன்று, நாலு நிலை உள்ள சாதாரண சுழல் குமிழ். மற்றது, ஸ்டியரிங் பின்னால் இரண்டு பட்டன், நடுவில் ஆர்டுயினோ, அதாவது நாமே புரோகிராம் எழுதி ஓட்டும் குட்டிக் கம்ப்யூட்டர் பலகை.

ஆசை யாருக்குத்தான் இல்லை? முதலில் செய்தது ஆர்டுயினோதான். லோட் ஷெடிங் நேரம் பார்த்து, கரண்ட் இருக்கும் மணிகளில் மட்டும் சால்டர் செய்து, மூன்று வாரம் ஆனது. இந்தச் சாலினாய்டுகளின் ஒரு முனை பெட்டியிலேயே எர்த் ஆகியிருப்பதால் பிளஸ் பக்கத்தைத்தான் சுவிட்ச் செய்ய வேண்டும். எர்த் பக்கத்தைச் சுவிட்ச் செய்யும் வழக்கமான டிரான்சிஸ்டர் சர்க்யூட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போட்ட எனக்கு அது புரியவே இரண்டு நாள் ஆனது. கடைசியில் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச்) வைத்தேன்.

ஓட்டும்போது சுகம்தான், மறுக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும். வலது பட்டன் மேலே, இடது பட்டன் கீழே. ஸ்பீடு சென்சாரைப் படித்து, 'இந்த வேகத்தில் கீழ்க்கியர் கிடையாது' என்று மறுக்கும் புத்தியும் அதற்குக் கொடுக்கலாம். குமிழுக்கு அந்தப் புத்தி வரவே வராது. இந்த ஒரு விஷயத்தில் ஆர்டுயினோவுக்கே என் ஓட்டு.

ஆனால் பதினோராவது நாள் என்2-வில் 90-ல் போய்க்கொண்டிருந்தேன். ரேடியேட்டரின் எலக்ட்ரிக் ஃபேன் ஓடத் தொடங்கிய அந்த நொடியில் எஞ்சின் திடீரென்று வீறிட்டது. வண்டி நியூட்ரலில் விழுந்தது போல மிதந்தது. காலை எடுத்து, ஓரம் கட்டி, லேப்டாப்பை மாட்டிப் பார்த்தால் தப்பு என்னுடையதுதான். ஃபேன் இழுத்த கரண்டில் வோல்ட்டேஜ் ஒரு கணம் சரிந்து ஆர்டுயினோ ரீசெட் ஆகியிருக்கிறது. எழுந்ததும் என் புரோகிராமின் முதல் வரியைப் படித்திருக்கிறது. அதில் 'கியர் = 1' என்று எழுதி வைத்திருந்தேன். வேறென்ன எழுதுவோம், வண்டி ஒன்றில்தானே கிளம்பும்!

அந்த வேகத்தில் முதல் கியர் என்றால், 2.80 விகிதத்துக்கு எஞ்சின் ஏழாயிரத்தை ஒட்டிச் சுற்ற வேண்டும். அந்த நாலு லிட்டர் எஞ்சினுக்கு ஐயாயிரத்தைத் தாண்டினாலே மூச்சு முட்டும். என்னைக் காப்பாற்றியது, லீவர் டி-யில் இருந்தது. டி-யில் முதல் கியரை ஒருவழி கிளட்ச் ஒன்றுதான் பிடிக்கிறது. சக்கரம் எஞ்சினை இழுக்கப் பார்த்தால் அது கழன்றுகொள்ளும். லீவர் 1-2-ல் இருந்திருந்தால் கழல எதுவும் இல்லை. இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும், அல்லது இருந்திருக்காது.

புரோகிராமைத் திருத்தினேன். ரீசெட் ஆனால் இரண்டும் ஆஃப், அதாவது நாலாம் கியர். வோல்ட்டேஜ் சரியாமல் இருக்கக் கெப்பாசிட்டரும் போட்டேன். அதற்குப் பிறகு மேலும் இரண்டு வாரம் ஒரு சிக்கலும் இல்லை. ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர் கையில் அது நன்றாகவே நிற்கக்கூடும். என் அனுபவம் மொத்தமே ஒரு மாதம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அந்த என்2 ஓரத்தில் நின்றபோது மனதில் விழுந்த கேள்விதான் முடிவைத் தந்தது: இது செத்தால் எந்தக் கியரில் சாகும்?

குமிழை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டு (ஒரே குமிழோடு சேர்ந்து சுற்றும் இரண்டு தனி சுவிட்ச்), நாலு நிலை. முதல் தட்டில் 1, 2 இரண்டையும் இணைத்து முதல் சாலினாய்டுக்கு ஒரு வயர். இரண்டாம் தட்டில் 2, 3 இரண்டையும் இணைத்து இரண்டாம் சாலினாய்டுக்கு ஒரு வயர். ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. முடிந்தது. மேலே சொன்ன ஆன்-ஆஃப் வரிசையைத் திரும்பப் பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து நாலு, எந்த அடுத்த படிக்கும் ஒரே ஒரு சாலினாய்டுதான் மாறுகிறது. குமிழ் வரிசையாகத்தான் சுற்றும் என்பதால் நடுவில் வேண்டாத கியர் எட்டிப்பார்க்க வழியில்லை. ஆனால் நாலிலிருந்து ஒன்றுக்கும் அதே ஒரே மாற்றம்தான்! குமிழுக்குப் பதிலாக மேலும் கீழும் தள்ளும் இரண்டு சாதாரண டாகிள் சுவிட்ச் வைப்பவர்கள் இருக்கிறார்கள். நாலில் போகும்போது முழங்கை பட்டு முதல் சுவிட்ச் விழுந்தால் நேராக ஒன்று. அதனால் டாகிள் சுவிட்ச் வேண்டவே வேண்டாம். குமிழ் வாங்கும்போதும் நாலைத் தாண்டி ஒன்றுக்குச் சுற்றிவிடாமல் தடுக்கும் நிறுத்தம் உள்ளதாகப் பாருங்கள். ஒரு நிலையை விடுமுன் அடுத்ததைத் தொட்டுவிடும் வகையாகவும் இருக்கட்டும். விட்டுவிட்டுத் தொடும் வகையில் பாதியில் கை நின்றால் இரண்டும் ஆஃப் ஆகிவிடும். ரேடியோ கடையில் கிடைக்கும் பொடிக் குமிழ் ஒரு ஆம்பியரைத் தாங்காது. கனமானதாக வாங்குங்கள், இல்லையென்றால் ரிலே வையுங்கள்.

சரி, வயர் அறுந்தால்? ஃபியூஸ் போய் இரண்டும் செத்தால் வான் ரீனன் கணக்குதான்: லீவர் டி-யில் இருந்தால் நாலு, 3-ல் இருந்தால் மூன்று, 1-2-ல் இருந்தால் ஒன்று. ஒற்றை வயர் அறுந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். இரண்டாம் கியரில் இரண்டாம் சாலினாய்டின் வயர் விட்டுப்போனால் ஒன்று விழும். அதனால் அந்த ஒரு வயரை மட்டும் இரட்டிப்புப் பாதுகாப்போடு போட்டேன். கிரிம்ப் செய்து, சால்டர் வைத்து, அதிர்வில் ஆடாதபடி இரண்டு இடத்தில் கட்டினேன். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக் கையுறைப் பெட்டியில் வைத்துவிடலாம். எந்த மெக்கானிக்கும் ஒரு டெஸ்ட் லைட்டை வைத்து ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார். ஆர்டுயினோவுக்கு அப்படி ஒரு தாள் எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார், ரத்த உறவு இல்லை, ஸ்பேனர் உறவு. அவருக்கு வரும் தமிழ் சமையலறைத் தமிழும் கோயில் தமிழும்தான். மற்றதெல்லாம் ஆங்கிலம். ஆர்டுயினோ பெட்டியைத் திறந்து காட்டினேன். பார்த்துவிட்டு மூடினார். "தம்பி, நீ ஊருக்குப் போனா இத யாரு பாப்பா?" என்றார். அவ்வளவுதான், அது டிராயருக்குப் போனது.

இறக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இதில் நானே ஏமாந்தேன். பைன்டவுனுக்கு இறங்கும் ஃபீல்ட்ஸ் ஹில்லை இந்தப் பக்கத்தில் ஓட்டுகிறவர்கள் யாரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 2013 செப்டம்பரில் கட்டுப்பாடிழந்த ஒரு லாரி அதன் அடியில் 20-க்கு மேற்பட்ட உயிர்களை எடுத்தது. குமிழை இரண்டில் வைத்துவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்து இறங்கினேன். பிடிக்கவில்லை. லீவர் டி-யில் இருக்கும்போது இரண்டாவது கியரும் ஒருவழி கிளட்சில்தான் நிற்கிறது. எஞ்சின் பிரேக்கிங் தரும் பேண்ட் (பெட்டிக்குள் சுற்றிப் பிடிக்கும் பட்டை), லீவர் 1-2-க்கு வந்தால்தான் பிடிக்கும். அதாவது, குமிழ் கியரைத் தேர்ந்தெடுக்கும், இறக்கத்தில் பிடிப்பது லீவர்தான். ஆனால் 1-2-ல் ஃபியூஸ் போனால் ஒன்று என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

எனவே நீண்ட இறக்கத்தில் நான் செய்வது இதுதான்: லீவர் 3, குமிழ் 3, கன்வர்ட்டர் பூட்டு (அந்த மூன்றாவது சாலினாய்டு) ஆன். எல்லா வயரும் ஒரே சமயம் அறுந்தாலும் மூன்றிலேயே நிற்கும். பூட்டு மட்டும் விடும். அதற்கு மேல் பிடிப்பு வேண்டும் என்றால் வேகத்தை 50-க்குக் கீழே கொண்டுவந்த பிறகுதான் 1-2. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் டவுன் ஹில் ஏறும்போது டிரெய்லரோடு மூன்றும் பூட்டும் சேர்ந்தால் அற்புதம். பழைய கம்ப்யூட்டர் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டே ஏறும். அந்தத் தொல்லை ஒழிந்தது. பூட்டின் வயரைப் பிரேக் பெடல் சுவிட்ச் வழியாகக் கொண்டுபோக மறக்காதீர்கள். மறந்தால் முதல் ரோபோவிலேயே எஞ்சின் நின்று நினைவூட்டும். சானி பாஸ் மாதிரியான மலைப்பாதைக்கு இது எதுவுமே வேண்டாம். லோ ரேஞ்சும் லீவர் 1-2-மும் போதும்.

விற்கும்போது என்ன ஆகும் என்று கேட்பீர்கள். இந்த நாட்டில் பெயர் மாற்ற ரோட்வொர்த்தி சான்று வேண்டும். நான் கம்பெனி வயர் ஒன்றைக்கூட வெட்டவில்லை. கம்ப்யூட்டர் சாக்கெட்டில் நடுவே ஒரு இணைப்பு மட்டும் செருகியிருக்கிறேன். கால் மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும். இன்சூரன்ஸுக்கு மட்டும் முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிடுங்கள், எந்த வழியில் போனாலும்.

வீட்டில் இரண்டு பேர் ஓட்டும் வண்டி என்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள். இரண்டையும் விட்டுவிட்டு ஸ்க்ராப்யார்டில் நல்ல பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடுங்கள். குமிழை மறந்து டி-யில் போட்டுக் கிளம்பினால் வண்டி நாலில்தான் கிளம்பும், கன்வர்ட்டர் கொதிக்கும், ஆயில் கருகும். என் மனைவி இரண்டு தடவை அப்படிக் கிளம்பிவிட்டு, "இந்த ஸ்டவ் குமிழ் வண்டிய இனிமே நான் தொடமாட்டேன்" என்று சாவியை மேசையில் வைத்துவிட்டார். நானும் ஒரு கம்ப்யூட்டரைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன மாதம் அண்ணன் டிரெய்லர் இழுக்க வண்டியை வாங்கிப் போனார். திருப்பிக் கொண்டுவந்தபோது, "ரெண்டுலேந்து மூணு டைட்டா இருக்கு, தம்பி" என்றார். டீ போட்டு எடுத்து வருவதற்குள் குமிழைக் கழற்றி, காண்டாக்ட் கிளீனர் அடித்து, துணியால் துடைத்து, திரும்ப மாட்டி, கிளிக் கிளிக் என்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.