பழுதான பாதுகாப்பு ரிலேக்கு மாற்று எது? அணுமின் நிலைய பஸ்ஸில் தட்டு, ஸ்டேட்டிக், நியூமரிக்கல் ரிலேக்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

அணுமின் நிலையத்தின் பாதுகாப்பு பஸ்ஸில் (பாதுகாப்புக் கருவிகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பொது மின்கடத்தித் தொகுதியில்) ஒரு ரிலே (மின்கோளாறைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவி) சோதனையில் தேறவில்லை என்றால் மூன்று வழிகள் உண்டு. சுழலும் தட்டால் இயங்கும் பழைய தட்டு ரிலேயைப் பிரித்துச் சரிசெய்து திரும்ப மாட்டலாம். டிரான்சிஸ்டர் காலத்து ஸ்டேட்டிக் ரிலே என்றால் கார்டை மாற்றி ஓட்டலாம். இல்லையேல் பேனலை வெட்டி, மென்பொருளால் கணக்கிட்டு இயங்கும் நியூமரிக்கல் ரிலே பொருத்தலாம். துல்லியத்தை மட்டும் பார்த்தால் மூன்றாவதுதான் முந்தும். அணுமின் நிலையத்தில் அதற்கும் முன்னால் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. இந்த ரிலே கெட்டால், கெட்டது எப்போது தெரியவரும்? மற்ற டிரெயினில் (ஒன்று போனாலும் மற்றது காக்கும்படி தனியாக அமைந்த இணைப் பாதுகாப்புத் தொகுதியில்) இருக்கும் இதன் ஜோடியும் அதே காரணத்தால் அதே நேரத்தில் கெடுமா?

ரிலே இரண்டு விதமாகத் தவறலாம். டிரிப் (சுற்றைத் துண்டிக்கும் கட்டளை) கொடுக்க வேண்டிய நேரத்தில் சும்மா இருக்கலாம். சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் டிரிப் கொடுக்கலாம். சாதாரண ஆலையில் இரண்டாவது தவறு உற்பத்தி இழப்போடு முடியும். இங்கே அது உலையைக் குளிர்விக்கும் பம்பையே நிறுத்திவிடும். அவசர டீசல் ஜெனரேட்டரில் விபத்து சிக்னல் வந்ததும் மிகைவேகம், ஜெனரேட்டர் டிஃபரன்ஷியல் (உள்ளே போகும், வெளியே வரும் மின்னோட்டங்களின் வித்தியாசத்தைப் பார்க்கும் பாதுகாப்பு) ஆகிய இரண்டைத் தவிர மற்ற டிரிப்களை ஒதுக்கிவைப்பதோ, ஒன்றுக்கு மேற்பட்ட சென்சார்கள் ஒத்துச் சொன்னால்தான் ஏற்பதோ இதனால்தான்.

தட்டு ரிலே

அலுமினியத் தட்டு, அதைப் பிடித்து நிதானப்படுத்தும் நிரந்தரக் காந்தம், சுருள்வில், காண்டாக்ட்: இவ்வளவுதான். மென்பொருள் கிடையாது, அளவிடும் பகுதிக்குத் தனி டி.சி. சப்ளையும் தேவையில்லை. பேட்டரி ஒரு கணம் தொய்ந்து மீண்டாலும் அது தன் வேலையைத் தொடரும்.

கெடும் வழிகளும் எல்லோரும் அறிந்தவை. காந்த இடைவெளியில் இரும்புத்தூள் புகுந்தால் தட்டு உரசும், நேரம் நீளும். பிவட் தேய்ந்தால் பிக்கப் மதிப்பு (ரிலே இயங்கத் தொடங்கும் அளவு) ஏறும். வருடக்கணக்கில் மூடாத காண்டாக்டில் ஆக்ஸைடு படியும். காண்டாக்டை மூடிப் பிடித்து அடையாளக் கொடியை விழவைக்கும் சீல்-இன் யூனிட்டின் டேப் (மின்னோட்ட அளவுத் தேர்வு) தவறாக இருப்பதும் அடிக்கடி காணும் கோளாறு. டிரிப் காயில் பல ஆம்பியர் இழுக்கும்போது 0.2 ஆம்பியர் டேப்பில் விட்டுவைத்தால் அந்த டேப்பின் மின்தடையே காயிலுக்குப் போகவேண்டிய வோல்டேஜைக் குறைத்துவிடும். 2 ஆம்பியர் டேப்பே சரி. துணை ரிலேயின் காயில் மட்டும் லோடாக இருந்தால் 2 ஆம்பியர் டேப்பில் கொடி விழாது, காண்டாக்டும் சீல் ஆகாது.

சோதனையில் முதலில் எதையும் துடைக்காமல், திருகாமல், இருந்த நிலையிலேயே அளந்து குறிக்க வேண்டும். சுத்தம் செய்துவிட்டு அளந்தால் அது இத்தனை மாதம் எந்த நிலையில் கிடந்தது என்ற தகவல் அழிந்துவிடும். பிறகு பிக்கப், அதற்கடுத்து நேரம். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) இயல்பு வளைவில், அதாவது மின்னோட்டம் கூடக் கூட இயங்கும் நேரம் குறையும் வளைவில், நேரப் பெருக்கி 1 என்றால் செட்டிங்கின் 2 மடங்கில் சுமார் 10 விநாடி, 5 மடங்கில் 4.3, 10 மடங்கில் 3 விநாடி. 10 மடங்கில் சரியாகவும் 2 மடங்கில் நீண்டும் வந்தால் உரசலையோ வில்லையோ சந்தேகிக்கலாம். எல்லாப் புள்ளியிலும் ஒரே விகிதத்தில் மாறியிருந்தால் காந்தத்தின் இருப்பிடத்தைப் பார்க்க வேண்டும்.

தட்டு ரிலேயின் பெரிய குறை அதன் மௌனம். இன்று செத்தாலும் அடுத்த சோதனை வரை, அதாவது ஒன்றரை இரண்டு ஆண்டு வரை, யாருக்கும் தெரியாது. ஒரு ஆறுதல், இந்தத் தேய்மானம் ஒவ்வொரு ரிலேயிலும் வெவ்வேறு வேகத்தில் நடக்கிறது. எல்லாம் ஒரே நாளில் சாவது அரிது. எப்போதும் மின்னேற்றத்தில் இருக்கும் துணை ரிலேக்களுக்கு அந்த ஆறுதல் இல்லை. எச்.எஃப்.ஏ. வகை ரிலேக்களில் நைலான், லெக்ஸான் காயில் உருளைகள் வெப்பத்தில் சிதைந்ததால் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1984இல் தனி அறிவிப்பே வெளியிட்டது. ஒரே பொருள், ஒரே வெப்பம், ஒரே வயது என்றால் எளிய ரிலேயும் கூட்டமாகச் சாகும்.

நிலநடுக்கம் இன்னொரு பலவீனம். 2011 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 5.8 அளவில் நில அதிர்வு ஏற்பட்டபோது நார்த் அன்னா நிலையம் வெளி மின்சாரத்தை இழந்தது. டிரான்ஸ்ஃபார்மர்களின் திடீர் அழுத்த ரிலேக்கள் அதிர்வையே கோளாறாக எடுத்துக்கொண்டு டிரிப் கொடுத்ததே காரணம். அதிரும் காண்டாக்ட் எதுவாக இருந்தாலும் இந்த ஆபத்து உண்டு.

ஸ்டேட்டிக் ரிலே

இதற்கு அதிக இடம் தேவையில்லை. தட்டு ரிலேயின் மௌனமும் எலக்ட்ரானிக்ஸின் மூப்பும் சேர்ந்த வகை இது. எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி காய்ந்துபோகும், ஒப்பீட்டு வோல்டேஜ் நகரும், ஆனால் தன்னைத்தானே கண்காணிக்கும் வசதி பெரும்பாலும் இருக்காது. 2005 ஏப்ரலில் அமெரிக்காவின் மில்ஸ்டோன் 3 அணு உலையில் உலைப் பாதுகாப்பு லாஜிக் கார்டில் வளர்ந்த மெல்லிய வெள்ளீய இழை ஒன்று ஷார்ட் ஏற்படுத்தி, தேவையில்லாமல் பாதுகாப்பு உட்செலுத்தலை (உலைக்குள் அவசரக் குளிர்நீர் பாய்ச்சுவதை) தூண்டியது. அது பஸ் ரிலே அல்ல; கார்டு மூப்படையும் விதம் ஒன்றுதான். எந்த ரிலேயை முதலில் மாற்றுவது என்றால் இந்த வகையை என்பதில் தயக்கம் வேண்டாம்.

நியூமரிக்கல் ரிலே

பலம் தெளிவானது. உள்ளே கோளாறு என்றால் ரிலே தன்னைத்தானே கண்காணிக்கும் வாட்ச்டாக் காண்டாக்ட் அப்போதே அலாரம் தரும். சம்பவம் நடந்தபின் அலைவடிவப் பதிவு கிடைக்கும். சி.டி. (மின்னோட்டத்தைக் குறைத்து ரிலேக்குத் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) மேல் சுமை வெகுவாகக் குறையும். ஆனால் தட்டு ரிலே இருந்த இடத்தில் அப்படியே மாட்டினால் புதிய கோளாறுகள் புகும்.

முதலாவது, அவுட்புட் காண்டாக்ட். மூடும்போது 30 ஆம்பியர் தாங்கும். ஆனால் டிரிப் காயிலின் டி.சி. மின்னோட்டத்தைத் துண்டிக்கும் திறன் சாதாரண காண்டாக்டில் அரை ஆம்பியருக்கும் கீழே. பிரேக்கரின் துணை காண்டாக்ட் முதலில் திறந்து மின்னோட்டத்தை அறுக்க வேண்டும். பிரேக்கர் சிக்கிக்கொண்டு, ரிலே முன்னதாக ரீசெட் ஆனால் (பழைய நிலைக்குத் திரும்பினால்) காண்டாக்ட் எரியும். ஆகவே லாக்அவுட் ரிலே (டிரிப் ஆனபின் விடுவிக்கும்வரை பிரேக்கரை மூடவிடாத துணை ரிலே) பழைய மின்காந்த வகையிலேயே தொடர்வது நல்லது.

இரண்டாவது, பைனரி இன்புட் (வோல்டேஜ் உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்கும் உள்ளீடு). எர்த் செய்யாத 220 வோல்ட் பேட்டரியில் ஒரு முனை எர்த்தைத் தொட்டால், நீண்ட கேபிளின் கெபாசிட்டன்ஸ் வழியாக இன்புட்டில் ஒரு கணம் 110 வோல்ட் தோன்றலாம். 80 வோல்ட்டில் விழித்துக்கொள்ளும் இன்புட் என்றால் யாரும் கேட்காத டிரிப் வரும். 110 செல் லெட்-ஆசிட் பேட்டரி முழுதாக இறங்கும்போது, செல்லுக்கு 1.75 வோல்ட் வீதம், 192.5 வோல்ட்டில் நிற்கும். ஆகவே வரம்பு 150 வோல்ட்டை ஒட்டி இருந்தால் இருபுறமும் இடைவெளி கிடைக்கும்.

மூன்றாவது, டி.சி. போய்வந்தால் ரிலே மீண்டும் விழிக்கப் பல விநாடிகள் ஆகலாம். அந்த நேரத்தில் பஸ்ஸுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதை டீசல் லோடு வரிசையின் நேரக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவை மூன்றும் வடிவமைப்பில் தீரும். தீராதது பொதுக் காரணத் தோல்வி. எல்லா டிரெயினிலும் ஒரே மாடல், ஒரே ஃபர்ம்வேர் (கருவியின் உள்மென்பொருள்), ஒரே செட்டிங் கோப்பு என்றால் ஒரு பிழை எல்லா இடத்திலும் ஒரே கணத்தில் வெளிப்படும். உச்ச வகைப் பாதுகாப்புப் பணிக்கான மென்பொருளுக்கு ஐ.இ.சி. 60880 தரநிலை அவ்வளவு கடுமையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாற்றும் வேலையே கோளாறைக் கொண்டுவரும் என்பதற்கு ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் 1 சாட்சி. 2006 ஜூலை 25 அன்று 400 கிலோவோல்ட் சுவிட்ச்யார்டில் ஷார்ட் ஏற்பட்டது. எழுந்த மிகைவோல்டேஜில் நான்கு யு.பி.எஸ்.களில் இரண்டு விழுந்தன. அவற்றை நம்பியிருந்த இரண்டு டீசல்கள் தானாகப் பஸ்ஸோடு இணையவில்லை. டர்பைன் ஜெனரேட்டர்களின் குறை-அதிர்வெண் பாதுகாப்பும் இயங்கவில்லை. முந்தைய ஆண்டு புதிதாகப் பொருத்தியபோது மூன்று ஃபேஸ்களின் வரிசை தவறாக இணைக்கப்பட்டிருந்தது.

மேசையில் டெஸ்ட் கிட் வைத்துச் செய்யும் சோதனையில் இந்தத் தவறு சிக்காது. கிட் எப்போதும் சரியான வரிசையைத்தான் கொடுக்கும். பஸ் உயிரோடு இருக்கும்போது ரிலே திரையைப் படிக்க வேண்டும். 110 வோல்ட் பி.டி. (வோல்டேஜைக் குறைத்து ரிலேக்குத் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) என்றால் நேர்வரிசை வோல்டேஜ் (சரியான ஃபேஸ் வரிசையில் சுழலும் பங்கு) 63.5 வோல்ட்டை ஒட்டியும், எதிர்வரிசை (தலைகீழ் வரிசையில் சுழலும் பங்கு) பூஜ்யத்தை ஒட்டியும் இருக்க வேண்டும். இரண்டும் இடம் மாறியிருந்தால் இரண்டு வயர் மாறியிருக்கிறது. நிமிட வேலைதான்; இதைச் செய்யாமல் எந்த டிரெயினையும் ஒப்படைக்கக் கூடாது.

எந்த வேலைக்கு எது

குறைவோல்டேஜ் பாதுகாப்பில் இரண்டு நிலைகள். வோல்டேஜ் அடியோடு போனதைப் பார்க்கும் முதல் நிலைக்கு நல்ல நிலையில் உள்ள தட்டு ரிலே போதும். கிரிட் தளர்ந்து வோல்டேஜ் 90 சதவீதத்தை ஒட்டி நீண்ட நேரம் தொங்குவதைப் பிடிக்கும் இரண்டாம் நிலைக்கு அது போதாது. மில்ஸ்டோனில் 1976இல் கண்ட குறைவோல்டேஜுக்குப் பிறகே இந்த இரண்டாம் நிலை கட்டாயமானது. 6600/110 பி.டி.யில் 90 சதவீதம் என்றால் 99 வோல்ட். ரிலே ரீசெட் ஆக 3 சதவீதம் கூடுதல் தேவைப்பட்டால் அது 102 வோல்ட், அதாவது 92.7 சதவீதம். பெரிய மோட்டார் கிளம்பியபின் பஸ் 92 சதவீதத்தில் நின்றால் அது மோட்டாருக்குப் போதுமான வோல்டேஜ். ஆனால் ரிலே ரீசெட் ஆகாமல், டைமர் முடிந்ததும் நல்ல கிரிட்டை வெட்டிவிடும். ரீசெட் இடைவெளி 0.5 சதவீதமாகச் சுருங்கினால் 90.5இலேயே மீளும். இங்கே எலக்ட்ரானிக் ரிலேதான் சரி.

ஒரு ஃபேஸ் மட்டும் திறந்துகொள்ளும் கோளாறில் ரிலே வகையைவிட அமைப்பு முக்கியம். 2012 ஜனவரி 30 அன்று அமெரிக்காவின் பைரன் 2 அணு உலையில் 345 கிலோவோல்ட் பக்கம் இன்சுலேட்டர் உடைந்து சி ஃபேஸ் துண்டானது. குறைவோல்டேஜ் ரிலேக்கள் பழுதின்றித்தான் இருந்தன. ஒன்று ஏ-பி இடையிலும் மற்றது பி-சி இடையிலும் பார்த்தன. இரண்டும் சேர்ந்து சொன்னால்தான் டிரிப் என்ற லாஜிக். ஏ-பி நலமாக இருந்ததால் தானியங்கிப் பிரிப்பு நடக்கவில்லை. சுமார் 8 நிமிடம் கழித்து ஆபரேட்டர்கள் கையால் பிரித்தபிறகே டீசல்கள் பஸ்ஸை ஏற்றன. இதற்கு எதிர்வரிசை வோல்டேஜை அளக்கும் ரிலே வேண்டும். நியூமரிக்கல் ரிலேயில் அது உள்ளேயே இருக்கும். எச்சரிக்கை ஒன்று: டெல்டா சுற்றோ மூன்று கால் கோரோ உள்ள, லோடு குறைந்த டிரான்ஸ்ஃபார்மரில் திறந்த ஃபேஸிலும் ஏறக்குறைய முழு வோல்டேஜ் தூண்டப்படும். காத்திருப்பில் கிடக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு பஸ் பக்க ரிலே போதாது. நியூட்ரலில் சிக்னல் செலுத்திப் பார்க்கும் தனிக் கருவி தேவை.

மோட்டார் ஃபீடர் ஓவர்கரண்டுக்கு (மோட்டாருக்குப் போகும் லைனின் மிகைமின்னோட்டப் பாதுகாப்புக்கு), உதிரி கிடைக்கும்வரை, தட்டு ரிலேயைப் புதுப்பித்து ஓட்டுவது நியாயமான முடிவு. டிஃபரன்ஷியலுக்கு நியூமரிக்கல் மேல். மாற்றும்போது ஒரு டிரெயினை மட்டும் மாற்றி ஒரு முழு இயக்கச் சுழற்சி ஓடவிட்டு, பதிவுகளைப் படித்தபின் அடுத்ததைத் தொட வேண்டும். வாட்ச்டாக் அலாரத்தை, டி.சி. ஃபியூஸ் எடுத்தாலும் மூடிக்கொள்ளும் காண்டாக்டிலிருந்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் சப்ளை போன ரிலே தட்டு ரிலே போலவே மௌனமாகக் கிடக்கும். ஸ்டோரில் வைக்கும் உதிரி நியூமரிக்கல் ரிலேக்கு அவ்வப்போது மின்னேற்றி அதன் மின்தேக்கிகளைப் பராமரிப்பதோடு, அதன் ஃபர்ம்வேர் எண் பேனலில் ஓடுவதன் எண்ணோடு ஒத்திருக்கிறதா என்பதைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டி வைக்க வேண்டும்.