சின்ன லேப்டாப்பா, பெரிய லேப்டாப்பா: மலை ஏறி இறங்குபவர்களுக்கு எது சரி?

கேரளத்தில், வண்டிப்பெரியாரில் இருக்கும் தங்கை போன மாதம் போனில் கேட்டாள்: "பாப்பாவுக்கு லேப்டாப் வாங்கணும் அண்ணே. சின்னது பாதி விலைக்குக் கிடைக்குதாம். அதுவே போதும்ல?"

மருமகள் குமுளிப் பக்கம் பி.காம் சேர்ந்திருக்கிறாள். சட்டென்று போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போதாது என்று தள்ளவும் மனசில்லை. நான் இரண்டையும் புழங்கியவன். வீடு கம்பத்தில், வேலை மலைமேலே குமுளியில் ஏலக்காய்க் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது. நான்கு வருஷம் 11.6 அங்குலச் சின்ன லேப்டாப்போடு மலை ஏறினேன். இரண்டு வருஷமாக 15.6 அங்குலப் பெரியதோடு ஏறுகிறேன்.

முதலில் தூக்கிச் சுமப்பதைப் பேசிவிடலாம். சின்னது வாங்குகிறவர்கள் சொல்லும் முதல் காரணம் அதுதான். சின்னது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட, பெரியது ஒன்றரையிலிருந்து ஒன்றே முக்கால் கிலோ. வித்தியாசம் அரை கிலோ, சார்ஜரையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். தோளில் மாட்டி நடக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. தெரிவது அகலம்தான். லோயர் கேம்ப் தாண்டி வளைவுகளில் திரும்பும் ஜீப்பில், இரண்டு பக்கமும் ஆள் இடிக்க உட்கார்ந்திருக்கும்போது, பெரிய பை மடியில் நிற்காது. திரை மட்டுமே 34 சென்டிமீட்டருக்கு மேல் அகலம், பக்கத்து ஆளின் முழங்கையில் முட்டும். சின்னதின் திரை 26 சென்டிமீட்டருக்கும் குறைவு, நோட்டுப் புத்தகம் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். தினமும் ஜீப்பிலும் பஸ்ஸிலும் போய் ஆறேழு இடத்தில் திறந்து மூடுகிறவருக்கு இது சின்ன விஷயமே இல்லை.

மின்சாரத்திலும் சின்னதுக்கே என் ஓட்டு. ஆடி மாதச் சாரலில் மேலே கரண்ட் போனால் மரக்கிளையை வெட்டி, கம்பியை இழுத்துக் கட்டும் வரை காத்திருக்க வேண்டியதுதான். என்னுடைய சின்னதில் இருந்த பிராசசர் செலரான் என்4020. இன்டெல் அதற்கு வகுத்திருக்கும் மின் அளவே 6 வாட்தான். விசிறி கிடையாது, சத்தம் கிடையாது. கணக்கு மட்டும் எழுதினால் காலையில் ஏற்றிய சார்ஜ் சாயங்காலம் கடை சாத்தும் வரை வந்தது. பெரியதில் நான்கு மணி நேரம் ஓட்டினாலே எனக்கு நிம்மதி. விசிறி இல்லாததில் இன்னொரு நன்மையும் உண்டு. ஏலக்காய் புடைத்துச் சலிக்கும் இடத்தில் பறக்கிற தூசி உள்ளே இழுபடாது.

இவ்வளவு இருந்தும் நான் ஏன் மாறினேன்?

வாங்கும்போது தேனியில் ஒரு கடைக்காரர், "இப்போ 4 ஜிபி போதும் சார், அப்புறம் மெமரி ஏத்திக்கலாம்" என்றார். நம்பி வாங்கினேன். இரண்டாம் வருஷம் ஏற்றலாம் என்று கழற்றிப் பார்த்தால், மெமரி, அதாவது ராம் சில்லுகள், மதர்போர்டு பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தன. சேமிப்பும் அப்படியே. இஎம்எம்சி என்று சொல்லும் 64 ஜிபி, அதுவும் பலகையோடு ஒட்டியது. விண்டோஸ் காட்டும் கணக்கில் அது 60 ஜிபிகூட வராது. அதில் பாதிக்குக் கிட்ட விண்டோஸே எடுத்துக்கொள்ளும். பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் இடம் இல்லை என்று நிற்கும். நான் பழைய பில் படங்களைப் பென் டிரைவில் மாற்றிவிட்டு உட்கார்ந்திருப்பேன். மார்ச் கடைசி வாரத்தில், கணக்கு முடிக்கும் நாளில் ஒரு முறை அப்படி ஆனது. அன்று இரவு பத்து மணிக்குத்தான் கம்பத்துக்கு வண்டி ஏறினேன்.

சின்ன லேப்டாப்பில் என் உண்மையான குறை இதுதான். அளவு சின்னதாக இருப்பதை நான் குறையாகவே நினைக்கவில்லை. வாங்கிய நாளில் உள்ளே என்ன இருந்ததோ, கடைசிவரை அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சமே 4 ஜிபி மெமரியும் 64 ஜிபி சேமிப்பும்தான். அதாவது இந்த லேப்டாப்கள் பெட்டியைப் பிரிக்கும்போதே கடைசிப் படியில் நிற்கின்றன. வேகத்தையும் சொல்ல வேண்டும். இஎம்எம்சியின் இணைப்பு நொடிக்கு 400 எம்பிக்கு மேல் போகவே முடியாது. பெரிய லேப்டாப்பில் வரும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி சேமிப்பு அதைப்போலப் பல மடங்கு போகும். கணக்கு மென்பொருளான டேலியைத் திறந்து, பக்கத்தில் எக்செல் திறந்து, குரோமில் ஜிஎஸ்டி தளத்தையும் திறந்தால் சின்னது மூச்சு வாங்கும்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. மருமகள் படித்தது கேரள அரசுப் பள்ளி. அங்கே கணினிப் பாடமே உபுண்டு என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட கைட் லினக்ஸில்தான், அவளுக்கு அதில் கை பழகியிருக்கிறது. 4 ஜிபியில் லினக்ஸ் விண்டோஸைவிட இலகுவாக ஓடும். தமிழ் ஆனர்ஸோ வரலாறோ படிக்கிற பிள்ளையாக இருந்தால் அப்படியே செய்யச் சொல்லியிருப்பேன். பி.காமில் டேலி வரும், அது விண்டோஸுக்கென்று எழுதிய மென்பொருள்.

திரையைப் பற்றி ஒரு விஷயத்தைக் கடையில் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. சின்னதில் 1366-க்கு 768 புள்ளிகள், பெரியதில் 1920-க்கு 1080. கேட்டால் இரண்டு மடங்கு தெரியும் போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு அங்குலத்துக்குச் சின்னதில் 135 புள்ளி, பெரியதில் 141. அப்படியே விட்டால் எழுத்தின் அளவு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரியதில் விண்டோஸ் பொதுவாக எல்லாவற்றையும் 125 சதவீதமாகப் பெரிதாக்கிக் காட்டும். அப்படிக் காட்டியும் எக்செல்லில் சின்னதைவிட இரண்டு மூன்று கட்டம் கூடுதலாகத் தெரியும். ஆக, பெரிய திரையில் நமக்குக் கிடைப்பதில் முக்கால்வாசி எழுத்தின் பருமன்தான்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் பருமன் தேவை. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன இரண்டையும் சின்னத் திரையில் மாலை ஆறு மணிக்கு மேல் பாருங்கள். சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பேரேட்டில் 'மணி'யா 'மனி'யா என்று நான் கண்ணைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோன நாட்கள் நிறைய. நாற்பத்தைந்து வயது தாண்டியவர் வீட்டில் ஒருவர் இருந்தாலும் இதை யோசித்து வாங்குங்கள்.

பெரியதில் வலப்பக்கம் எண் விசைகள் தனியாக இருப்பதும் கணக்கு எழுதுகிறவருக்குப் பெரிய உதவி. எடை, விலை, தொகை என்று வலது கையாலேயே அடித்துக்கொண்டு போகலாம். கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் இந்த விலையில் இரண்டிலும் சுமார்தான்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. கம்பெனிகள் கழித்துவிட்ட டெல் லாட்டிடியூட் 7290, லெனோவோ திங்க்பேட் எக்ஸ்280 மாதிரி 12.5 அங்குல லேப்டாப்கள் பழையதாகக் கிடைக்கின்றன. சின்னதின் எடை, நல்ல கீபோர்டு, ஐ5 பிராசசர். வாங்கினால் 8-ஆம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தையதாகப் பாருங்கள். அதற்கு முந்தையவற்றில் மிகச் சிலதைத் தவிர எதையும் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது, விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பேட்டரி தேய்ந்திருக்கும், மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். ஊர் சுற்றி வேலை பார்க்கும் எஸ்டேட் கங்காணிக்கும், வீடு வீடாகப் போகும் காப்பீட்டு ஏஜெண்டுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். புத்தம் புதிய 4 ஜிபி லேப்டாப்பைவிட இது நெடுநாள் வரும்.

மருமகளுக்கு நிலைமை வேறு. அவள் வீட்டில் மேஜையில் வைத்துத்தான் படிப்பாள், கல்லூரிக்கு வாரத்தில் ஓரிரு நாள்தான் எடுத்துப் போவாள். அந்த வீட்டுக்கு அது ஒன்றே லேப்டாப். மூன்று வருஷப் படிப்பு, அதன் பிறகு வேலை தேடும் காலம் வரை ஓட வேண்டும். நாங்கள் விசாரித்தபோது சின்னது 20 ஆயிரத்தை ஒட்டியும் பெரியது 36 ஆயிரத்தை ஒட்டியும் இருந்தது. அந்த 16 ஆயிரம் தோட்டக் கூலி வாங்கும் வீட்டில் பெரிய தொகை, எனக்குத் தெரியும். அதில் பாதியை நான் போடுகிறேன் என்றேன். இரண்டாம் வருஷத்தில் இன்னொன்று வாங்க நேர்ந்தால் அது இதைவிடப் பெரிய செலவு.

கடைக்குப் போனதும் விற்பவர் பேச்சை விட்டுவிட்டு விண்டோஸில் இருக்கும் டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் மெமரி செருகும் ஸ்லாட் எத்தனை, அதில் நிரம்பியது எத்தனை என்று காட்டும். அதற்குக் கீழே 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று வந்தால் பற்றவைத்த மெமரி என்று பொருள். நாங்கள் பார்த்ததில் 8 ஜிபி ஒரு ஸ்லாட்டில், இன்னொன்று காலி. அதையே எடுத்தோம்.

வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் பாப்பா தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றைத் திறந்து வைத்தாள். தங்கை அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். இரண்டு வரி வாய்விட்டுப் படித்துவிட்டு என்னிடம் திரும்பினாள்: "கண்ணாடி போடாமயே தெரியுதே அண்ணே."