சைலன்சர் மவுண்ட் முறிந்தால்: வெல்டிங்கா, புது பிராக்கெட்டா, கிளாம்பா?

சைலன்சர் மவுண்ட் முறிந்த டர்ட் பைக்கைப் பட்டறையில் நிறுத்தியதும் வரும் முதல் பதில், "ரெண்டு டேக் வெச்சுடலாம்ண்ணா." டேக் என்றால் புள்ளி புள்ளியாக வைக்கும் சிறு வெல்டிங். சில முறிவுக்கு அது போதும். பல முறிவுக்கு அது காசைக் கரைக்கும் வழி. வெல்டிங் போட்ட இடம் நிற்கும். அரை அங்குலம் தள்ளிப் புது விரிசல் விழும். ரப்பர் மாற்றுவது, வெல்டிங், புது பிராக்கெட், கிளாம்ப், வேறு சைலன்சர் என்று கையில் இருக்கும் வழிகளில் எது எந்த முறிவுக்கு லாபம் என்பதை தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கிடைக்கும் ஆட்களையும் சாமான்களையும் வைத்துப் பார்ப்போம்.

மவுண்ட் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அதில் பல பாகங்கள் உண்டு. இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் பெண்ட் பைப்பை சிலிண்டர் ஹெட்டோடு பிடிக்கும் ஸ்டட் நட்டுகள், பெண்டையும் சைலன்சரையும் சேர்க்கும் நடுக் கிளாம்ப், பின்னால் சப்ஃபிரேமில் (சீட்டைத் தாங்கும் பின்சட்டத்தில்) மாட்டும் பிராக்கெட், அதற்குள் ரப்பர் புஷ், ரப்பருக்குள் சிறு குழல்போன்ற இரும்புக் காலர், ஊடே போகும் போல்ட். எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் போலச் சைலன்சரை மேலே தூக்கி வைத்த வண்டிகளில் கனம் முழுவதும் பின்பக்கம் தொங்குகிறது. வலது பக்கமாக ஒரு முறை சாய்ந்தாலே அடி நேராக பிராக்கெட்டில் இறங்கும்.

ரப்பரும் காலரும்: எல்லா வழிக்கும் முன்னால் இது

முறிந்த பிராக்கெட்டை வெல்டரிடம் கொடுக்கும் முன் ரப்பர் புஷ்ஷை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்போல இறுகியிருந்தாலோ, ஓரம் பொடியாக உதிர்ந்தாலோ, ஓட்டை முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருந்தாலோ முறிவுக்குக் காரணம் அங்கேயே கிடக்கிறது. அடுத்து காலர். போல்ட்டின் இறுக்கத்தைத் தாங்குவது காலர்தான். ரப்பர் அதைச் சுற்றிச் சும்மா மிதக்க வேண்டும். யாரோ எப்போதோ கழற்றியபோது காலர் தொலைந்து, வெறும் வாஷரோடு இறுக்கியிருந்தால் ரப்பர் நசுங்கி இரும்போடு இரும்பாகிவிடும். அதன் பிறகு இன்ஜின் அதிர்வு முழுவதும் பிராக்கெட்டின் வளைவுக்கே போகும்.

சூட்டில் பைப் நீளுவது இன்னொரு காரணம். 304 வகை எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி சூட்டில் சுமார் 0.017 மி.மீ. நீளும். பெண்டும் சைலன்சரும் சேர்ந்து ஒரு மீட்டர், சராசரியாக 300 டிகிரி சூடு ஏறுகிறது என்று வைத்தால் 5 மி.மீ. வருகிறது. இரண்டு முனையையும் அசையவிடாமல் இறுக்கிவிட்டால் அந்த 5 மி.மீ. எங்கே போகும்? பிராக்கெட்டைப் பிய்த்துக்கொண்டு போகும், இல்லையேல் ஹெட்டில் இருக்கும் ஸ்டட்டை வளைக்கும்.

கம்பெனி ரப்பர் புஷ், காலர், போல்ட் மூன்றும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். காலர் மட்டும் தொலைந்திருந்தால் எந்த லேத் பட்டறையிலும் கடைந்து தருவார்கள். எம்8 போல்ட்டுக்கு உள்விட்டம் 8.5 மி.மீ.; நீளம், அழுத்தாத ரப்பரின் தடிமனைவிட அரை முதல் ஒரு மி.மீ. குறைவு. இந்த அளவு தவறினால் வேலையே வீண். அதிகமானால் ரப்பர் ஆடி 'டொக் டொக்' என்று தட்டும். ரொம்பக் குறைந்தால் பழையபடி நசுங்கும்.

குவாரி, கிரஷர் பக்கம் கழித்துப் போடும் கன்வேயர் பெல்ட்டை வட்டமாக வெட்டி புஷ்ஷாகப் போடும் பழக்கம் உண்டு. உள்ளே துணி அடுக்கு இருப்பதால் கிழியாது. பின் மவுண்டில் அவசரத்துக்கு ஓடும். பெண்டுக்குப் பக்கத்தில் போடாதீர்கள். சாதாரண ரப்பர் 100 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து காய்ந்தால் சீக்கிரம் இறுகிவிடும். சூடு அதிகமுள்ள இடத்துக்குச் சிலிக்கான் ரப்பர்தான்; அது 200 டிகிரி வரை தாங்கும்.

வெல்டிங்

பிராக்கெட் நடுவில் விரிசல் விட்டிருந்தால் வெல்டிங் நல்ல வழி, மலிவான வழியும்கூட. பிராக்கெட் சைலன்சர் கூட்டோடு (வெளித்தகட்டு உடலோடு) சேரும் இடத்தில் பிய்ந்து, கூட்டில் ஓட்டை விழுந்திருந்தால் அதே வெல்டிங் ஆபத்தான வழி. பிராக்கெட் 3 மி.மீ. தடிமன் இருக்கும், கூடு ஒரு மி.மீ., மிஞ்சினால் ஒன்றரை. கேட்டும் கிரில்லும் செய்யும் பட்டறையில் 3.15 மி.மீ. ராடை எடுத்து ஆர்க் அடித்தால் கூடு உருகி ஓட்டை பெரிதாகும். அதற்கு ஆர்கான் வெல்டிங் வேண்டும், அல்லது 0.8 மி.மீ. கம்பி ஓடும் மிக் வெல்டிங். ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி இந்த வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி நகரங்களில் எஸ்எஸ் கைப்பிடி, ஓட்டல் சமையல் மேசை செய்யும் பட்டறைகளில் ஆர்கான் இருக்கும். பைக் மெக்கானிக்கை விட்டு அங்கே போங்கள். கூலி ஆர்க்கைவிட இரண்டு மூன்று மடங்கு கேட்டாலும் கொடுக்கலாம்.

எந்த உலோகம் என்று காந்தத்தை வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காந்தம் ஒட்டினால் சாதா இரும்பு என்று பலர் நினைக்கிறார்கள். சைலன்சர் செய்யப் பரவலாகப் பயன்படும் 409 வகை எஸ்எஸ்ஸும் காந்தத்தில் ஒட்டும். கூடு எஸ்எஸ், பிராக்கெட் எம்எஸ் (சாதா இரும்பு) என்று கலந்தும் வரும். சந்தேகம் இருந்தால் 309எல் கம்பியையோ ராடையோ கேளுங்கள். எஸ்எஸ்ஸையும் எம்எஸ்ஸையும் சேர்த்து ஒட்ட அதுதான் பொருத்தம். சாதா எம்எஸ் ராடில் ஒட்டினால் அன்றைக்கு ஒட்டும். இரண்டு மழைக்காலம் தாண்டும் முன் அந்தக் கோட்டிலேயே துரு பிடித்து விடும்.

வேலை நடக்கும் வரிசையை நின்று பாருங்கள். சைலன்சரை வண்டியிலிருந்து கழற்றியே கொடுக்க வேண்டும். ஆக்சிஜன் சென்சார் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். வண்டியிலேயே அடித்தாக வேண்டிய நிலை வந்தால் பேட்டரி மைனஸைக் கழற்றி, ஈசியு (இன்ஜினை இயக்கும் மின்னணுப் பெட்டி) கனெக்டரைப் பிரித்து, எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்தில் சைலன்சரிலேயே மாட்டச் சொல்லுங்கள். விரிசலின் கடைசி முனையில் 3 மி.மீ. ஓட்டை போட வேண்டும். அது இல்லாவிட்டால் வெல்டிங்குக்கு அடியிலேயே விரிசல் நடந்துகொண்டே போகும். பெயின்ட், குரோம், கரி எல்லாவற்றையும் கிரைண்டரில் பளபளவென்று எடுத்துவிட்டு, விரிசலை 'வி' வடிவில் பறித்து, இரண்டு பக்கமும் வெல்டிங் ஓட்ட வேண்டும். முடிந்ததும் அழகுக்காக வெல்டிங்கைத் தேய்த்து மட்டமாக்கச் சொல்லாதீர்கள். மட்டமாக்கினால் பலம் குறையலாம்.

கூடு பிய்ந்திருந்தால் ஓட்டையை அடைத்து அதன் மேலேயே பிராக்கெட்டை ஒட்டுவது வீண். 1.5 அல்லது 2 மி.மீ. தகட்டில் ஒரு ஒட்டு வெட்டி, பிராக்கெட்டின் அடியைவிடச் சுற்றிலும் 15 மி.மீ. பெரிதாக, கூட்டின் வளைவுக்கே தட்டி வளைத்து, நான்கு மூலையையும் உருட்டிவிட்டு, அதை முதலில் கூட்டோடு வெல்ட் செய்து, அதன் மேல் பிராக்கெட்டை நிறுத்த வேண்டும். மூலை கூராக இருந்தால் அடுத்த விரிசல் அங்கிருந்தே கிளம்பும். பிஎஸ்6 (புகை மாசு விதி) வண்டியில் உள்ளே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கலாம் என்பதை மறந்து சுத்தியலால் கூட்டைத் தட்டி நெளிவெடுக்கக் கூடாது. உள்ளிருப்பது நொறுங்கினால் துண்டுகள் பாதையை அடைத்து வண்டி இழுவை இழக்கும்.

எம்-சீல், சைலன்சர் பேஸ்ட் வகையறாக்களை மவுண்டுக்கு நினைக்கவே வேண்டாம். பேஸ்ட் கசிவை அடைக்கத்தான், கனம் தாங்காது. எம்-சீல் அந்தச் சூட்டில் உதிர்ந்துவிடும்.

புது பிராக்கெட் அடிப்பது

ஒரே இடம் இரண்டாவது முறை முறிந்தால் மூன்றாவது வெல்டிங்குக்குப் போகாதீர்கள். சுற்றியுள்ள உலோகம் சூட்டிலும் அதிர்வாலும் களைத்துப்போயிருக்கும். இந்தக் கட்டத்தில் கைவேலையாக ஒரு பிராக்கெட் அடிப்பது, எங்கள் மதிப்பீட்டில், கொடுத்த காசுக்கு அதிகம் உழைக்கும் வழி.

முதலில் அட்டையில் வெட்டி வண்டியில் வைத்துப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டை அளவுத் தடிப்பு போதும். அது பொருந்திய பின் 25×4 மி.மீ. எம்எஸ் பட்டையிலோ 3 மி.மீ. 304 எஸ்எஸ் தகட்டிலோ வெட்டலாம். எஸ்எஸ் துண்டு வேண்டுமென்றால் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கலாம். ஓசூரில் லேசர் கட்டிங் செய்யும் இடங்களில் மிஞ்சிய துண்டுகளும் கிடைக்கும். வளைவில் கூர்மடிப்பு கூடாது. உள்பக்க ஆரம் தகட்டின் தடிமன் அளவாவது இருக்க வேண்டும். ஒற்றைப் பட்டையாக நீளமாக விட்டால் ஸ்பிரிங்போல ஆடும். வளைவின் குறுக்கே ஒரு சிறு முக்கோணத் தகட்டை முட்டுக் கொடுத்து ஒட்டினால் ஆட்டம் அடங்கும். ஃபிரேம் பக்கம் 8.5 மி.மீ. வட்ட ஓட்டை, சைலன்சர் பக்கம் முன்பின்னாக 3, 4 மி.மீ. நகர இடம் கொடுக்கும் நீள் ஓட்டை. புஷ் உட்காரும் ஓட்டையின் ஓரத்தை அரத்தால் மழுக்கிவிடுங்கள்; கூராக விட்டால் ரப்பரை அறுத்துவிடும்.

சில பேர் இன்னும் பலமாக இருக்கட்டும் என்று 6 மி.மீ. பட்டையில் அடிக்கிறார்கள். அடுத்த முறை விழும்போது பிராக்கெட் நிற்கும், ஃபிரேமில் பிராக்கெட் மாட்டும் காது முறியும். பிராக்கெட் முறிவது ஃபியூஸ் போவது மாதிரி, மாற்றுவது எளிது. சப்ஃபிரேம் காது போனால் சீட், பிளாஸ்டிக், வயரிங் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத்தான் வெல்டிங் போட முடியும்.

செலவு, சாமானும் கூலியும் சேர்த்து, சில நூறு ரூபாயில் அடங்கும். நேரம்தான் அரை நாள் போகும்.

கிளாம்ப்

சைலன்சர் கூடு உருண்டையாக இருந்தால் வெல்டிங்கே வேண்டாம். 25 மி.மீ. அகல, 2 மி.மீ. எஸ்எஸ் பட்டையில் இரண்டு அரைவட்டம் உருட்டி, காதில் போல்ட் போட்டுக் கூட்டைச் சுற்றிப் பிடித்து, ஒரு காதை நீட்டி அதில் ரப்பர் புஷ் மாட்டலாம். அலுமினியக் கூடும் ரிவெட்டும் கொண்ட மோட்டோகிராஸ் சைலன்சருக்கு இதுவே சரியான வழி. அதில் இரும்பு பிராக்கெட்டை வெல்ட் செய்யவே முடியாது. கிளாம்புக்கும் கூட்டுக்கும் இடையில் மெல்லிய சிலிக்கான் ஷீட் வையுங்கள். முக்கோணம், நீள்வட்டம் போன்ற கூடுகளில் இந்தக் கிளாம்ப் நழுவிக்கொண்டே இருக்கும், அங்கே முயலாதீர்கள்.

ஹோஸ் கிளிப் வேறு கதை. அது வீடு சேர மட்டும். 12 மி.மீ. அகல எஸ்எஸ் கிளிப் இரண்டை, விரல் இரண்டு மூன்று இடைவெளி விட்டு, சைலன்சரையும் சப்ஃபிரேம் குழாயையும் சேர்த்துக் கட்டி, குழாய்ப் பக்கம் ஒரு ரப்பர் துண்டு வைத்தால் ஐம்பது அறுபது கிலோமீட்டர் மெதுவாக ஓட்டலாம். கட்டுக்கம்பி அதைக்கூடத் தாங்காது. முறுக்கிய இடத்திலேயே தேய்ந்து அறுந்துவிடும். அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் போகிறவர்கள் இந்த இரண்டு கிளிப்பையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அது யானை நடமாடும் காடு. தொங்கும் சைலன்சரோடு வழியில் நின்று யோசிக்கிற இடம் இல்லை.

பழைய சைலன்சர், புது சைலன்சர்

பிஎஸ்6 வண்டியின் புது சைலன்சர் கன்வெர்ட்டரோடு சேர்ந்து வருவதால் விலை கூடுதல். மவுண்ட் முறிந்ததற்காக அதை வாங்குவது எந்தக் கணக்கிலும் வராது. உள்தகடு கழன்று கலகலக்கிறது, கூடு துருவில் ஓட்டையாகிவிட்டது என்றால் மட்டும் யோசிக்கலாம். பழையது சேலத்திலும் பெங்களூரிலும் தேடினால் கிடைக்கும். வாங்கும்போது பிராக்கெட் அடியில் பழைய வெல்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே எதுவும் உருளக் கூடாது. மலிவாகக் கிடைக்கிறது என்று கன்வெர்ட்டர் இல்லாத சத்தமான குழாயைப் போட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் அபராதம் வரும். அதோடு மலிவு முடிந்தது.

மாட்டும்போது

எந்த வழியைத் தேர்ந்தாலும் மாட்டும் வரிசை ஒன்றுதான். பெண்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் வளையத்தைப் புதிதாகப் போடுங்கள். எல்லா நட்டையும் போல்ட்டையும் கையால் மட்டும் பிடிக்க விடுங்கள். பின் போல்ட் தன் ஓட்டையில் தானாக இறங்க வேண்டும். கம்பி விட்டு நெம்பினால்தான் இறங்குகிறது என்றால் பிராக்கெட் தப்பு, அதைத் திருத்துங்கள். பிறகு பெண்டைப் பிடிக்கும் ஹெட் நட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, நடுக் கிளாம்பை இறுக்கி, கடைசியாகப் பின் மவுண்ட். ஹெட் நட்டுக்கு மேனுவலில் இருக்கும் டார்க்கை (இறுக்கும் அளவை) தாண்டாதீர்கள். ஸ்டட் ஹெட்டுக்குள் முறிந்தால் அலுமினிய மரையைக் காப்பாற்றி அதை எடுக்க ஆகும் செலவு மேலே சொன்ன எல்லா வேலையையும்விட அதிகம். சூடான இடத்தில் நைலான் வளையமுள்ள நட் வேண்டாம். 120 டிகிரி வாக்கில் நைலான் பிடி தளர்ந்துவிடும். முழு இரும்பு லாக் நட் போடுங்கள், கிடைக்காவிட்டால் ஸ்பிரிங் வாஷரோடு சாதா நட்.

முதல் ஓட்டம் முடிந்து வண்டி முழுக்க ஆறிய பின் எல்லாவற்றையும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். புது கேஸ்கெட் அமுங்கியதால் ஹெட் நட் கொஞ்சம் கண்டிப்பாகச் சுழலும். ஆக்சிலேட்டரை விடும்போது 'பட் பட்' என்று வெடித்தாலோ ஹெட் ஓரம் கரிக்கோடு தெரிந்தாலோ கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை. அப்போது நட்டை மேலும் முறுக்காமல், கழற்றி கேஸ்கெட் உட்காரும் குழியைச் சுரண்டித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள்.